மாடி வீட்டில் மீன் தொட்டி: தரை பழுதாகாமல் இருக்க அடியில் என்ன விரிக்கலாம்?

திருகோணமலையில், கொங்கிரீட் மேல்மாடி ஹோலில், 3 அடித் தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பதா, பிளாஸ்டிக் கார்பெட் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். அடியில் ஒருமுறை புகுந்த ஈரம் பிறகு காயாது. டைல்ஸ் இடுக்கு கறுத்து, பூஞ்சண மணம் கிளம்பும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும். வெறும் தரையே மேல். ஸ்டாண்டின் அடித்தட்டு தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருந்தால் சிந்தியது கண்ணில் படும், கையோடு துடைக்கலாம்.

3 × 1½ × 1½ அடித் தொட்டி விளிம்புவரை சுமார் 190 லீற்றர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் வேறு. ஆகவே ஹோலின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ வரும் பக்கமாக வையுங்கள். சுவருக்கும் தொட்டிக்கும் இடையில் கை போகுமளவு இடைவெளி விடுங்கள். பின்பக்க மூலை கசிந்தால் தொட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

கண்ணாடி வெடித்து முழுத் தண்ணீரும் கொட்டுவது அபூர்வம். கரண்ட் நிற்கும் நேரம்தான் கவனம் தேவை. எயார் பம் தொட்டியை விடக் கீழே இருந்தால், காற்று நின்றதும் தண்ணீர் டியூபில் பின்னோக்கி ஏறும். விளிம்பைத் தாண்டிவிட்டால் சைபன் பிடித்து, அதாவது தண்ணீர் தானே இழுபட்டு, தொட்டிக்குள் இருக்கும் டியூபின் முனை வெளியே தெரியும்வரை ஓடும். முனை அடியில் கிடந்தால் தொட்டியே காலி. பம்மைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். முடியாவிட்டால் டியூபில் ஒரு பக்கம் மட்டும் விடும் நொன் ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப்போகும் என்பதால் வருடம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, விலை அற்பம்.

கீழே சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் வடிந்து வந்து பம் மூலம் திரும்ப மேலே போகும் இரண்டாவது தொட்டி, வைத்திருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். 3 அடிக்கு 1½ அடித் தொட்டியில் 1 செ.மீ. தண்ணீர் என்றால் ஏறத்தாழ 4 லீற்றர். மேலே தண்ணீர் விடும் பைப்பின் வாய் 5 செ.மீ. மூழ்கியிருந்தால், பம் நின்றதும் 20 லீற்றர் சம்புக்குத் திரும்பும். அந்த அளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு ஓட்டை போட்டால் காற்றுப் புகுந்து சைபன் அறும். ஓட்டையில் பாசி அடைக்கும், குத்திவிட மறக்க வேண்டாம். இதையெல்லாம் நம்பி இருக்காமல், தொட்டி ஓடத் தொடங்கிய அன்றே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வயர் வழியாகவும் தண்ணீர் வடியும். வயர் சொக்கெட்டை விடக் கீழே தொங்கி, வளைந்து மேலேறிச் செருகப்பட்டால் சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். மல்டி பிளக்கைத் தரையில் போடுவது பைத்தியக்காரத்தனம். அந்த லைனுக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரரின் சீலிங் நினைவில் இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டு வைக்கலாம். 3½ × 2 அடி, 2 அங்குல விளிம்பு என்றால் 33 லீற்றர் வரை தாங்கும். பைபர் போட் திருத்துபவர்கள் நம்மூரில் தாராளம். அளவு கொடுத்தால் ஒரே துண்டாகச் செய்துவிடுவார்கள். ஒரு மூலையில் முக்கால் அங்குல பைப் வைத்து பல்கனி வடிகாலுக்கு விட்டால் பெரிய கசிவும் வெளியே போகும். வெள்ளை நிறமாகக் கேளுங்கள், ஈரம் உடனே தெரியும்.

கச்சான் வீசும் மாதங்களில் தண்ணீர் வேகமாகக் குறைவதைக் கசிவென்று எண்ணிப் பதற வேண்டாம், அது ஆவியாவது. மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அதே அளவு குறைந்தால் சந்தேகப்படுங்கள். காய்ந்த டிஷ்யூவை அடிவிளிம்பு நெடுகிலும் ஒற்றிப் பார்த்தால் இடம் பிடிபடும்.

கடல்மீன் வளர்க்கிற எண்ணம் இருந்தால் இரட்டிப்புக் கவனம். மூடியோரம் வெள்ளையாகப் படியும் உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புநீர் தளத்துக்குள் இறங்கினால் கம்பி கறல் பிடித்து வீங்கும், கீழ்த்தட்டில் பூச்சு உதிரும். கடற்காற்றே இரும்பைத் தின்கிற ஊர் இது, ஆகவே இரும்பு ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். டைல்ஸ் இடுக்கில் ஏறிய கறல் இலேசில் போகாது.

தொட்டியை மாடிக்கு ஏற்றுமுன் முற்றத்தில் சமமான இடத்தில் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மேலே வைத்தபின் ரசமட்டம் பிடியுங்கள். சரிந்து நின்றால் ஒரு மூட்டில் மட்டும் பாரம் ஏறும். சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியென்றால் அடியில் அரை அங்குல ரெஜிபோம் வையுங்கள்.

மூட்டுக் கசிந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு கசியும் இடத்துக்குக் கீழே வரும்வரை தண்ணீரை இறக்குங்கள். பழைய சிலிக்கன் மேல் புதியது ஒட்டாது, முழுக்கச் சுரண்டியெடுக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணத் தடுப்பு சிலிக்கன் மீனைக் கொல்லும், மீன் தொட்டிக்கானதையே கேட்டு வாங்குங்கள். பூசிய பின் ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி முற்றத்திலேயே நிரப்பிப் பாருங்கள்.