முறத்திலிருந்து ஏன் தூக்கினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. விரலில் ஒரு பருக்கை ஒட்டினாலும் அழுகிறான். தொட்டு விளையாடினால் மூளை வளரும் என்றார்களே என்று 2,800 ரூபாய்க்கு சென்சரி கிட் வாங்கினேன். கலர் மணல், தண்ணீரில் ஊறும் ஜெல்லி உருண்டை எல்லாம் இருக்கிறது. எதையும் தொட மாட்டேன் என்கிறான். மாமியார் அரிசி புடைக்கும்போது மட்டும் முறத்தில் கையை விட்டு அளைவான். அழுக்கு என்று தூக்கி வந்து கை கழுவி விடுவேன். இவனுக்கு ஏதாவது குறை இருக்குமா?
— வாசகி, ஈரோடு

பதில்: குறையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் முறத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது அழுக்கு என்றால், அதே அரிசியை மத்தியானம் எப்படி உலையில் போடுகிறீர்கள்?

எதையும் தொடாத பிள்ளை தானாகப் போய்க் கை வைத்த ஒரே இடம் அதுதான். அங்கிருந்தும் தூக்கிவிட்டீர்கள். காய்ந்த அரிசி விரலில் ஒட்டாது, அதனால்தான் அவனுக்குப் பயமில்லை. கை நிறைய அள்ளுவான், விரலிடுக்கில் வழிய விடுவான், மறுபடி அள்ளுவான். பாட்டி கல் பொறுக்குவதைப் பார்த்துக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு குருணையை எடுக்கப் பார்ப்பான். நாளைக்குச் சட்டைப் பொத்தானைப் போடுவதும் பென்சில் பிடிப்பதும் அந்த இரண்டு விரல்கள்தான். பாட்டி "இது உமி, இது கல்லு" என்று சொல்லும்போது சொல்லும் பொருளும் ஒன்றாகவே அவன் கைக்கு வருகின்றன.

சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்வி முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தானியத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொட்டுவதும், கண்ணைக் கட்டிக்கொண்டு துணிகளைத் தடவிப் பார்த்துப் பிரிப்பதும் அவருடைய முறையில் முக்கியமான பயிற்சிகள். உங்கள் வீட்டுத் திண்ணையில் அது காசில்லாமல் நடக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். பிள்ளையைத் தூக்கி வரும்போது மாமியாரின் முகத்தைப் பார்த்தீர்களா? "உங்கள் கை பட்டது அழுக்கு" என்று பெரியவர் ஒருவரிடம் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். இது தப்பு. அதோடு, கையில் எது பட்டாலும் அம்மா ஓடி வந்து கழுவினால், ஒட்டுவதே ஆபத்து என்றுதானே பிள்ளை நினைப்பான்?

அந்த ஜெல்லி உருண்டைகளை இன்றே குப்பையில் போடுங்கள். விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. வீட்டுச் சாமான்களிலும் கவனம் வேண்டும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை எல்லாம் இந்த வயதில் வேண்டாம், மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போய்விடும். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். எது விளையாடினாலும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

காய்ந்த அரிசி பழகிய பிறகு ஊறிய அரிசி, அப்புறம் புட்டு மாவு, சப்பாத்தி மாவு உருண்டை என்று போங்கள். பருக்கை ஒட்டுகிற சோறு கடைசியில் வரட்டும். கையைப் பிடித்து எதற்குள்ளும் அழுத்தாதீர்கள். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறானா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றாலோ, புதுத்துணி, மிக்ஸி சத்தம், தலை சீவுவது என்று எல்லாவற்றுக்கும் மிரண்டாலோ, தள்ளிப் போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

நாளைக்கு மாமியார் முறத்தை எடுக்கும்போது, "அவனுக்கும் ஒரு பிடி போடுங்கள் அத்தை" என்று நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அரிசி சிதறத்தான் செய்யும். அதைக் கூட்டி எடுக்கிற வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளை அவருக்கும்தான்.