சாம்பாரில் கலந்த மாத்திரை: ஒரு களப்பணியாளருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி படித்துவிட்டு மனநலக் களப்பணியாளராக வேலை செய்கிறேன். மனச்சிதைவு நோயுள்ள ஓர் இளைஞர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருடைய தாயார் அதைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கிறார். மருத்துவர் அல்லாத நான் என்ன செய்ய முடியும்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் தயக்கம் தேவையற்றது. தமிழ்நாட்டில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் பங்கேற்று, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர் அல்லாத பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தரும் ஆதரவும் மருத்துவமனைச் சிகிச்சையும் சேரும்போது மனச்சிதைவு உள்ளவர்களின் அன்றாட முடக்கம் ஓரளவு குறைவதைக் காட்டியது. பலன் மிதமானதுதான், ஆனால் அது உங்களைப் போன்றவர்களால் கிடைத்த பலன்.

அந்தத் தாயாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நோய் மறுபடி முற்றிவிடும் என்ற அச்சத்தில்தான் அவர் அப்படிச் செய்கிறார். ஆயினும் இந்த வழி ஆபத்தானது. சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற ஐயம் இந்நோயில் அடிக்கடி எழுவது. ஒருநாள் மகனுக்கு உண்மை தெரிந்தால் அந்த ஐயத்துக்கு வீட்டாரே சான்று தந்தவர்களாகிவிடுவார்கள், அதன்பின் அவர் எவர் கையாலும் உண்ண மறுக்கலாம். எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பதும் மருத்துவருக்குத் தெரியாது. தன் சிகிச்சையைப் பற்றி அறிந்து இசைவு தரும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த இளைஞருக்கு அளித்திருக்கிறது.

அதற்காக, இன்றே கலப்பதை நிறுத்துங்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள். மருந்து திடீரென நிற்பதும் கேடு. முதலில் மனநல மருத்துவரிடம் நடப்பதைச் சொல்லுங்கள்.

அந்த இளைஞர் ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று யாராவது கேட்டார்களா? கை நடுக்கம், பகலெல்லாம் தூக்கம், உடல் பருத்தல், பாலுறவுச் சிக்கல் ஆகியவை இம்மருந்துகளால் வரக்கூடியவை. கடைசியாகச் சொன்னதைத் தாயார் முன்னிலையில் எந்த மகனும் வாய்திறந்து சொல்லமாட்டார். உங்களிடமும் தயங்கினால் ஆண் பணியாளர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால், மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அவர் சம்மதித்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பரிந்துரைக்கலாம். காதில் குரல் கேட்கிறது என்றால் மறுத்து வாதிடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். அந்தக் குரல் அவரை எப்படி வருத்துகிறது என்று கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. நீங்கள் இல்லாத வேளையில் அழைக்க, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணைத் தாயாரிடம் எழுதிக் கொடுங்கள்.

சாம்பாரில் கலந்ததை அவரிடம் எப்போது, யார் சொல்வது என்பதை மருத்துவரோடும் தாயாரோடும் கலந்து முடிவு செய்யுங்கள். அந்தச் சுமையை நீங்கள் தனியாக ஏற்க வேண்டாம்.