குறைந்த செலவில் ரேக் கிட்டார் ஆம்ப் அமைப்பது எப்படி?

ரேக் ஆம்ப் என்றால் ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் போன்ற பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு பெட்டியில் அடுக்குவது. முழு ரேக்கையும் ஒரே நேரத்தில் வாங்கப் பார்க்காதீர்கள். உண்மையில் தேவை மூன்றுதான்: ப்ரீஆம்ப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கி ஒலியின் தன்மையை அமைப்பது), பவர் ஆம்ப் (அதை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்குவது), ஸ்பீக்கர் கேபினெட் (ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி). எஃபெக்ட்ஸ் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

டோனின் பெரும்பகுதி ப்ரீஆம்பில்தான் உருவாகிறது. அதனால் பணத்தை அங்கே போடுங்கள். 1987-இல் வந்த ஏடிஏ எம்பி-1 போன்ற பழைய மிடி ப்ரீஆம்ப்கள் (டிஜிட்டல் கட்டளை மூலம் ஒலி அமைப்பை மாற்றக்கூடியவை) இரண்டாம் கையில் கிடைத்தால் நல்லது. ஆனால் வாங்குமுன் ஒரு ப்ரீசெட்டை, அதாவது ஒலி அமைப்பை, சேமித்து, அணைத்துப் போட்டுப் பாருங்கள். அது அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் மெமரி பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

பவர் ஆம்புக்கு டியூப் (வெற்றிடக் குழாய்) வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். டிரான்சிஸ்டரில் இயங்கும் சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் மலிவு, எடையும் குறைவு, டியூப் மாற்றும் செலவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 4 ஓமில் சொல்லப்படும் வாட்ஸ் 8 ஓம் கேபினெட்டில் கிடைக்காது, ஏறக்குறைய பாதிதான் வரும். டியூப் ஆம்பே வாங்கினால், ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

கேபினெட்டில் கிட்டார் ஸ்பீக்கரே இருக்கட்டும். அது சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கரகரப்பை இயல்பாகவே குறைத்துவிடும். மேடை ஒலிபெருக்கியான சாதாரண பிஏ ஸ்பீக்கர் என்றால் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் கேபினெட்டின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) இல்லாமல் டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும்.

ரேக் பெட்டி? அகலம் 19 அங்குலம், ஒரு யூனிட் உயரம் 1.75 அங்குலம். நான்கு யூனிட் போதும். பவர் ஆம்புக்குக் காற்றோட்ட இடம் விடுங்கள்.