115 கிரெய்ன் என்றால் எல்லாம் ஒன்றா?

வாசகர் கேள்வி - பதில்

(வீட்டில் தோட்டா மறுநிரப்புவதை, அதாவது சுட்ட தோட்டாவின் கூடான கேஸில் புது வெடிமருந்தும், பாய்ந்து செல்லும் பகுதியான புல்லட்டும் வைப்பதை, சட்டம் அனுமதிக்கும் அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம்.)

9 மி.மீ. பிஸ்டலுக்கு 115 கிரெய்ன் எடையுள்ள ஜாக்கெட் புல்லட் (ஈயத்தின் மேல் செம்புக் கலவை உறை போட்டது) போட்டு வந்தேன். இப்போது அதே எடையில் முழுச் செம்பு புல்லட் வாங்கியிருக்கிறேன். பழைய வெடிமருந்து அளவையே போடலாமா?
– கலிஃபோர்னியா வாசகர்

கூடவே கூடாது. வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது என்ற சட்டம் 2019 ஜூலை 1 முதல் உங்கள் மாநிலத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபிறகு பலரும் செம்புக்கு மாறிவிட்டார்கள். மாறும்போது பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம் எடை, செம்பு 8.96 கிராம்தான். ஆகவே ஒரே எடைக்குச் செம்பு கால் பங்குக்கும் மேல் கூடுதலாக இடம் பிடிக்கும். புல்லட்டின் குறுக்களவு பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) கட்டுப்பட்டது, அதில் கூட வழியில்லை. எனவே நீளம்தான் கூடும். தோட்டாவின் மொத்த நீளமும் மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டிக்கு) கட்டுப்பட்டது, 9 மி.மீ.க்கு உச்சவரம்பு 1.169 அங்குலம். வெளியே நீள இடமில்லாத புல்லட் கேஸுக்குள்தான் இறங்கும்.

எவ்வளவு இறங்குகிறது என்பதை வெர்னியர் காலிப்பரை வைத்து நீங்களே கணக்கிடலாம்: புல்லட் நீளத்தையும் கேஸ் நீளத்தையும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, கேஸ் 0.750, மொத்த நீளம் 1.150 என்று வைத்துக்கொள்வோம். 0.550 அங்குலப் புல்லட் 0.150 உள்ளே போகும். 0.650 அங்குலப் புல்லட் 0.250 போகும். அந்த 0.100 அங்குலம் மருந்து எரிவதற்கு இருந்த வெற்றிடத்திலிருந்து பிடுங்கப்பட்டது. 9 மி.மீ. கேஸ் சின்னது, அதில் போடுவது பெரும்பாலும் வேகமாக எரியும் மருந்து. இடம் சற்றுக் குறைந்தாலும் அழுத்தம் எகிறிவிடும். ஸ்பியர் நிறுவனம் செய்த சோதனையில், 28,000 சி.யு.பி. (செம்புத் துண்டு நசுங்குவதை வைத்து அளக்கும் அலகு) அழுத்தம் தந்த 9 மி.மீ. தோட்டாவில் புல்லட்டை வெறும் 0.030 அங்குலம் கூடுதலாக அழுத்தியதும் அது 62,000-ஐத் தொட்டது.

போதாக்குறைக்கு, ஜாக்கெட் புல்லட்டின் உள்ளே இருக்கும் ஈயம் ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களில்) பதியும்போது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். முழுச் செம்பு அந்த அளவுக்கு நெகிழாது. அதனால்தான் பல செம்பு புல்லட்டுகளின் உடம்பில் வளைய வளையமாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். உராயும் பரப்பு குறையும், நசுங்கும் செம்புக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும். இந்த வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே முழுச் செம்புக்கு அதைத் தயாரித்தவர் அதே புல்லட்டுக்கு வெளியிட்ட மருந்து அளவு அட்டவணை மட்டுமே செல்லும். அது கிடைக்கவில்லை என்றால் அந்தப் புல்லட்டை நிரப்பாதீர்கள்.

ஈய புல்லட்டுக்கான அட்டவணையில் மருந்து குறைவாக இருக்கிறது. குறைந்த அளவுதானே, அதை ஜாக்கெட் புல்லட்டுக்குப் போட்டால் பாதுகாப்புதானே?
– டெக்சாஸ் வாசகர்

குறைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஈயம் மென்மையானது, எளிதாக ரைஃப்ளிங்கில் பதிந்து வழுக்கிக்கொண்டு ஓடும். கொஞ்ச மருந்தே அதற்குப் போதும். அதிகம் போட்டு விரட்டினால் பேரலில் ஈயம் அப்பும். ஜாக்கெட்டோ ஏறத்தாழ 95 சதவீதம் செம்பும் 5 சதவீதம் துத்தநாகமும் கலந்த உலோகம். அதைப் பேரலுக்குள் தள்ளிக்கொண்டு போக அதிக விசை வேண்டும்.

.38 ஸ்பெஷல் ரிவால்வரில் இது நிஜமான ஆபத்து. அதன் உச்ச அழுத்தமே 17,000 பி.எஸ்.ஐ.தான் (பி.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு; 9 மி.மீ.க்கு 35,000). போதாததற்கு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வாயு கசியும். ஈயத்துக்கான மெல்லிய அளவை ஜாக்கெட்டுக்குப் போட்டால் புல்லட் பாதி வழியில் நின்றுவிடலாம். ‘டப்’ என்று வெடிக்க வேண்டியது ‘பொத்’ என்று கேட்டால், அல்லது உதைப்பு குறைந்தால், மறுபடி விசையை இழுக்காதீர்கள். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். சிக்கியிருந்தால் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி வெளியேற்றலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். ஜாக்கெட் அட்டவணையில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

செம்பு முலாம் பூசிய புல்லட் இலக்குத் தாளில் பக்கவாட்டில் நீளமான ஓட்டை போடுகிறது. மருந்தைக் குறைத்தும் சரியாகவில்லை.
– நியூ ஜெர்சி வாசகர்

கேஸின் வாயைப் புல்லட்டின் மேல் அதிகமாக இறுக்கியிருப்பீர்கள். முலாம் என்பது ஜாக்கெட் அல்ல. மென்மையான ஈயத்தின் மேல் மின்முலாமாக ஏற்றிய மெல்லிய தோல், அவ்வளவுதான். கேஸின் விளிம்பு அதை வெட்டிவிட்டால், பேரலுக்குள் தோல் கிழிந்து புல்லட் நிலைகுலைந்து புரளும். அந்த நீள ஓட்டை அதன் அடையாளம். நிரப்பிய தோட்டா ஒன்றைச் சுத்தியல் வகைப் புல்லட் கழற்றியில் பிரித்துப் பாருங்கள். உள்ளேயிருந்து வந்த புல்லட்டைச் சுற்றி நகத்துக்குத் தட்டுப்படும்படி ஒரு கோடு இருந்தால், அல்லது ஈயத்தின் சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தால், காரணம் அதுதான். 9 மி.மீ.யில் வாயின் வெளி அளவு 0.377 முதல் 0.378 அங்குலம் இருந்தால் போதும்; புல்லட்டை நுழைக்கக் கேஸ் வாயைக் கூம்பாக விரித்ததை நிமிர்த்துவதற்கு மேல் அங்கே எதுவும் தேவையில்லை. வேகமும் வினாடிக்குச் சுமார் 1,200 அடியைத் தாண்ட வேண்டாம். தயாரிப்பாளர் வேறு வரம்பு சொல்லியிருந்தால் அவர் சொல்வதே சரி. அட்டவணையைப் பொறுத்தவரை, அவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது ஈய அளவை அல்லது ஜாக்கெட் அளவின் கீழ்ப்பாதியைத்தான்.

வார்த்த ஈயம் பேரலில் அப்புகிறது. இன்னும் கடினமான கலவை வாங்கட்டுமா?
– ஒஹாயோ வாசகர்

கடினத்தை விட முதலில் குறுக்களவைப் பாருங்கள். மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிப் பேரலுக்குள் தள்ளி எடுத்து, பேரலின் பள்ளம் பதிந்த மேட்டுப் பகுதியின் குறுக்களவை மைக்ரோமீட்டரில் பாருங்கள். வார்த்த புல்லட் அதை விட 0.001 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும்: 9 மி.மீ.க்கு வழக்கமாக 0.356, .45-க்கு 0.452. சிறுத்துவிட்டால் பின்னாலிருந்து சூடான வாயு ஓரத்தில் பீறி ஈயத்தை உருக்கி அப்பும். கடினமான கலவை அழுத்தத்தில் விரிந்து அடைக்காது என்பதால் நிலைமை மோசமாகவும் கூடும். க்ளாக் போன்ற பலகோணப் பேரல் என்றால் பூச்சில்லாத ஈயமே வேண்டாம், அந்தக் கம்பெனியே அப்படித்தான் எச்சரிக்கிறது.