சமூகங்களுக்கிடையே மோதலும் தீவிரவாதமும் வராமல் தடுக்க ஊரில் அமைக்கும் அமைதிக் குழுவில் பெண்களையும் இளைஞர்களையும் சேர்ப்பது வெறும் கண்துடைப்பா?

பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. அமைதிப் பணியில் இவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை பெண்களுக்கு 2000-இல் 1325-ஆம் தீர்மானமும், இளைஞர்களுக்கு 2015-இல் 2250-ஆம் தீர்மானமும் போட்டாயிற்று. ஆனால் கூட்டம் இரவு எட்டு மணிக்கு, ஒரு தரப்பின் வழிபாட்டிடத்தில் என்றால் யார் வருவார்கள்? பொது இடம், பகல் நேரம், பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள்: இதெல்லாம் முதலில். ஒரே ஒரு பெண்ணை உட்கார வைத்தால் வாய் திறப்பது கடினம்; மூன்று நான்கு பேராவது வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, குழுவை உளவுக்குப் பயன்படுத்துவது. "பையன் போக்கு சரியில்லை" என்று ஒரு தாய் சொன்னது மறுநாளே போலீசுக்குப் போனால், அடுத்த தாய் பேசமாட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே தகவல் வெளியே போகும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வாசித்துவிடுங்கள். ஒரு சமூகத்தார் வாழும் பகுதியில் மட்டும் "தீவிரவாதத் தடுப்பு" என்று பலகை மாட்டவும் வேண்டாம்.