பிரெஞ்சுக் கடன் பத்திரத்தில் 'பிரிவிலேஜ்' சலுகை அல்ல

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சொல்லக் கேட்டவருக்கு வணக்கம். உங்கள் சித்தப்பாவின் பாரிஸ் வீட்டுக்கடன் பத்திரத்தில் 'பிரிவிலேஜ்' என்ற பிரெஞ்சுச் சொல் வரும் இடமெல்லாம் தமிழில் 'சலுகை' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே அர்த்தமே தலைகீழாகிறது. சலுகை என்றால் கடன் வாங்கியவருக்கு ஏதோ தள்ளுபடி கிடைத்தது போலப் படும். உண்மையில் அது கடன் கொடுத்த வங்கியின் உரிமை: வீடு ஏலம் போனால், கடன் கொடுத்த மற்றவர்களை முந்தித் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். 'கடன் வசூல் முன்னுரிமை' என்று எழுதுங்கள். மலையாளப் பிரதியிலும் 'ஆனுகூல்யம்' வேண்டாம். 'முன்கணனாவகாசம்' சரியாக இருக்கும்.

பத்திரத்தின் தேதியையும் பாருங்கள். வீட்டுக்கடனுக்கான இந்த பிரிவிலேஜ், 2022 ஜனவரி 1 முதல் எழுதிய பத்திரங்களில் சட்டவழி அடமானமாகிவிட்டது, அதாவது சட்டமே தரும் அடமான உரிமை. அதற்கு முந்தையது என்றால், விற்பனைப் பத்திரம் எழுதிய 2 மாதத்துக்குள் பிரிவிலேஜைப் பதிந்திருந்தால்தான், பாக்கி வசூலில் வங்கியின் முன்னுரிமை வரிசை விற்பனைத் தேதியிலிருந்தே கணக்காகும். ஆகவே விற்பனைத் தேதி, பதிவுத் தேதி இரண்டையும் விடாமல் எழுதுங்கள்.

கூடவே உள்ள ஆங்கிலக் கடிதத்தின் தலையில் 'பிரிவிலேஜ்டு' என்றிருப்பது வேறு விஷயம். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையில் போனது, வெளியிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பொருள். 'சட்டக் காப்புள்ள கடிதம்' போதும். 'சிறப்புரிமை' சட்டமன்ற விவகாரத்துக்குப் பழகிய சொல், இங்கே ஒட்டாது.