மரமில்லாத மலையில் என்னத்தைப் பார்ப்பது?

கேள்வி: தினமும் அழகான ஒன்றைக் கவனித்தால் மனசு அமைதியாகும் என்று எங்கள் ஆபீஸில் ஒரு வகுப்பு எடுத்தார்கள். நான் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு பஸ்ஸில் போய் வருகிறவள். வெயில், புழுதி, ஹாரன் சத்தம். வேலூரில் அப்படி என்ன அழகு இருக்கிறது? வீட்டில் சொன்னால் கணவர் சிரிக்கிறார்.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சிரிக்கட்டும், விடுங்கள். உங்கள் கேள்விக்குள் நம் ஊரைப் பற்றிய பழைய கிண்டல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகி, ஊருக்குப் பதிலாக அந்தக் கிண்டலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாமி வந்து எவ்வளவு காலமாகிறது! 1981-இல் உங்கள் சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாகப் போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. கிண்டல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் வகுப்பில் சொன்னது மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இப்போது முன்னால் இருப்பதை முழுக் கவனத்தோடு பார்ப்பது. ஜான் கபாட் ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், தீராத வலியோடு வந்த நோயாளிகளை வைத்து இதை ஒரு வகுப்பாக ஆரம்பித்தார். அதில் பேர்போன பயிற்சி, ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, அப்புறம் மெதுவாக மெல்வது. உலர்ந்த திராட்சையை யாராவது அழகு என்பார்களா? ஆகவே அழகைத் தேடி அலைய வேண்டாம், கையில் இருப்பதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள். நமக்குத் திராட்சை எதற்கு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இருக்கிறதே (2023-இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது). முள் குத்திவிடுமோ என்ற பயத்தில் கையும் கண்ணும் தானாகவே கவனமாகிவிடும், பழகுவதற்கு இதைவிட நல்ல காய் கிடையாது. தோலின் பளபளப்பு, உள்ளே விதைகள் அடுக்கியிருக்கும் விதம், காற்றுப் பட்டதும் வெட்டிய இடம் கறுக்கத் தொடங்குவது, எல்லாவற்றையும் பாருங்கள். அந்த நேரம் டிவி வேண்டாம்.

பஸ்ஸில், பாலாற்றுப் பாலம் தொடங்கி முடிகிற வரைக்கும் மட்டும் போனைப் பைக்குள் போடுங்கள், அது போதும். மணலோ முள்செடியோ கொக்கோ, கண்ணில் பட்டதைப் பாருங்கள். மனசு ஆபீஸ் வேலைக்கு ஓடும், ஓடினால் திட்டாமல் ஜன்னலுக்கு இழுத்து வாருங்கள், பயிற்சியே அந்த இழுத்து வருவதுதான். சில நாள் ஒன்றுமே தோன்றாது, சரி, பாலம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு அதே கோயிலுக்குப் போங்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. எங்கே என்று சொல்லாமல் அவரையே தேடச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் கத்திரிக்காயை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: பார்த்ததை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக, ஆனால் முதலில் கண்ணால் பார்த்து முடியுங்கள். ஸ்டேட்டஸை ராத்திரி போடுங்கள், இல்லாவிட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணுவதிலேயே பொழுது போய்விடும்.